தையல்காரி இறங்கிய கப்பல்

என் மனைவிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவாள். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவருக்குத் தோள் பதினெட்டு அங்குலம், இடது தோள் கொஞ்சம் இறக்கம் என்று என் காதில் ஓதுவாள். நான் முதன்முதலில் அவள் கடைக்கு ஒரு பேன்ட்டைக் கொண்டுபோனபோது, டேப்பைத் தொடாமல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடுப்பு முப்பத்தி நாலு. ஆனா நீங்க இன்னும் முப்பத்தி ரெண்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றாள். உண்மைதான். அந்த வாய்க்காகவே கட்டிக்கொண்டேன். இருபத்து நான்கு வருஷமாக அந்த வாயோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் கடை துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருக்கிறது. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இரண்டு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஜாம் பாட்டில்களில் நிறம் பிரித்துப் போட்ட பொத்தான்கள். மூன்றாவது ஆள் உள்ளே வர வேண்டுமென்றால் முதல் ஆள் வெளியே போக வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு டைவிங் பள்ளி வந்தது. அங்கிருந்து ஒருவர் முழங்கையில் கிழிந்த ரப்பர் உடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். கடலுக்கடியில் போகிறவர்கள் உடம்போடு ஒட்டப் போட்டுக்கொள்கிற தடித்த உடை, வெட்சூட் என்பார்கள். அதைச் சட்டை தைக்கிற மாதிரி தைத்தால் ஊசி போன ஓட்டை வழியாகவே தண்ணீர் வரும். ஓரங்களைப் பசை போட்டு ஒட்டி, ஊசி ரப்பரின் பாதித் தடிமனுக்குள் போய், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்ப வேண்டும். மூன்று நாள் சோறு தண்ணி மறந்து பழைய துண்டுகளில் பழகினாள். நான்காம் நாள் முழங்கை சரியாகிவிட்டது. அதற்கப்புறம் ஊரில் கிழிந்த வெட்சூட்டெல்லாம் அவள் கடைக்குத்தான் வந்தது.

பன்னிரண்டு வருஷம் இப்படி அடுத்தவர்களுக்கே தைத்தாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் உள்ள போய்ப் பாக்கப் போறேன்" என்றாள். நான் சமையலறைக்குள் என்று நினைத்து, "குழம்பு அடுப்புமேலயே இருக்கு" என்றேன். அவள் சொன்னது கடலை. வயது நாற்பத்தாறு. எங்கள் பெண் நர்சிங் படிக்க வெளியூர் போன வருஷம். சிரித்து வைத்தேன். தப்புப் பண்ணிவிட்டேன். என் மனைவி சிரிக்காதவர்களிடம் சில சமயம் விட்டுக்கொடுப்பாள், சிரித்தவர்களிடம் கிடையாது.

எனக்கும் தண்ணீருக்கும் ஆகாது. நீச்சல் தெரியாது. பாத்ரூமில் பக்கெட் நிரம்பி வழிந்தாலே எனக்குப் படபடப்பு வரும். ஒரு அச்சகத்தின் கேன்டீனில் நூற்றிருபது பேருக்குச் சமைக்கிறவன் நான். என் தைரியமெல்லாம் நெருப்புப் பக்கம்தான். அவளோ தன் அளவுக்குச் சரியாக வருகிற வெட்சூட் எங்கும் கிடைக்கவில்லை என்று, நாலு பழைய உடைகளை வெட்டி ஒன்று தைத்துக்கொண்டு, டைவிங் பள்ளியின் நீச்சல் குளத்தில் குதித்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அறுபது எழுபது தடவை கடலுக்குள் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் கேன்டீனில் உப்பை இரண்டு முறை போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் கடைக்கு வந்தார். அருங்காட்சியகத்தில் வேலை, கடலில் மூழ்கிய பழைய கப்பல்களை அளந்து படம் வரைகிறவர். நாற்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய முடி, எதையும் ஒருமுறைதான் சொல்வார். ஒன்றரை நாள் படகில் போனால் ஆளில்லாத பவளத் தீவுகள் சில வரும் என்றும், அதில் ஒன்றின் பக்கத்தில் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாய்மரக் கப்பல் ஒன்று கிடக்கிறது என்றும் சொன்னார். அங்கே கடல் அடங்கியிருப்பது வருஷத்தில் சில வாரம். அனுமதி பதினைந்து நாள். தண்ணீருக்குள் போக மேடமும், 'பென்சில்' என்று எல்லோரும் கூப்பிடுகிற படம் வரைபவரும் ஜோடி. மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும். பவளமும் துருவும் பட்டு உடைகள் கிழியும், அங்கே தைக்கக் கடை கிடையாது. ஆகவே, தைக்கவும் தெரிந்து தண்ணீருக்குள் போகவும் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்.

என் மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். "நான் வரேன். சமையலுக்கும் என்கிட்ட ஒரு ஆள் இருக்கு" என்றாள். இப்படித்தான் நான் கப்பலேறினேன். என்னை யாரும் கேட்கவில்லை.

போகிற வழியெல்லாம் நான் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. இரண்டாம் நாள் மதியம் தீவு வந்தது. வெள்ளை மணல், முழங்கால் உயரப் புதர்கள், கண் கூசுகிற பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான். கடைத்தெரு கிடையாது, குழாய் கிடையாது, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. என் மனைவி தலைகால் புரியாமல் குதித்தாள். "என்னங்க, அந்தா, அங்கதான் கப்பல் இருக்காம்!" என்று கையை நீட்டிய இடத்தில் எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. அவளுக்கு அந்தக் கப்பலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதே நாற்பது தடவை இருக்கும்.

ஆனால் மேடம் ஒரு விதி வைத்திருந்தார். கப்பலுக்குப் போகிற ஒவ்வொருவரும் முதலில் ஒரு சோதனை கொடுக்க வேண்டும். தீவுக்குப் பக்கத்தில் பவளத்துக்கு நடுவே ஒரு பழைய நங்கூரம் கிடந்தது. அதன் அளவுகள் மேடத்துக்கு ஏற்கெனவே தெரியும். கீழே போய், டேப் பிடித்து அளந்து, கையோடு கொண்டுபோகிற பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதி வர வேண்டும். அரை மணி நேர வேலை.

மூன்றாம் நாள் காலை, பென்சில் துணைக்குத் தள்ளி மிதக்க, என் மனைவி போனாள். ஆறே நிமிஷத்தில் மேலே வந்துவிட்டாள். வாயெல்லாம் பல். பலகையைப் பெருமையாக நீட்டினாள். மேடம் படித்தார். முகம் மாறியது.

"அக்கா, தண்டு ரெண்டு மீட்டர் எண்பதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"ரெண்டு மீட்டர் பத்து. வளையம் நாப்பது சென்டிமீட்டர்னு போட்டிருக்கீங்க. முப்பதுதான். டேப் எங்க?"

டேப் அவள் இடுப்புப் பையில் சுற்றினபடியே இருந்தது. என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷமாகத் தப்பாத கண்ணை நம்பி, பார்த்த மாத்திரத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். மாஸ்க்குக்குள் இருக்கிற காற்று வழியாகப் பார்க்கும்போது தண்ணீரில் இருப்பதெல்லாம் பெரிதாகவும் பக்கத்தில் இருப்பதாகவும் தெரியும். டைவிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதானாம். அந்தப் பாடம் மற்றவர்களுக்கு, நமக்கில்லை என்று இவள் நினைத்துவிட்டாள். இப்படி ஒரு தப்பை உலகத்தில் தையல்காரர்கள் மட்டும்தான் பண்ண முடியும்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு நம்பர் தப்பாப் போனா மொத்தப் படமும் கோணலாயிடும் அக்கா. ஒரு தடவை எனக்கு ஒரு வருஷ வேலை அப்படித்தான் வீணாப் போச்சு. கப்பலுக்கு நீங்க வர வேண்டாம். மேல இருங்க, தையல் மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்தார்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, இனி மிச்ச நாளெல்லாம் இவள் என் கண் முன்னால் படகில் இருப்பாள் என்று நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அதை மறைக்கத்தான் பார்த்தேன். ஆறுதலாக ஒரு டம்ளர் டீயை நீட்டினேன். அவள் டீயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு அளவெடுக்க இரண்டு விநாடி போதும்.

"உங்களுக்கு நிம்மதியா இருக்கு, இல்ல?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"மேடம் சொன்னது நியாயம். அது எனக்கு வலிக்கல. நீங்க சந்தோஷப்படறீங்க பாருங்க, அதுதான் வலிக்குது."

டம்ளர் என் கையிலேயே ஆறிப் போனது. இருபத்து நான்கு வருஷத்தில் அவள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. அன்று எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அடுத்த நாள் காலை, மேடமும் பென்சிலும் முதல் முறை கப்பலுக்குப் போய்த் திரும்பி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் என் சமையல் இடத்துக்கு வந்தாள். "உங்க கரண்டி, தட்டு, வாணலி எல்லாம் கொஞ்சம் வேணும்" என்றாள். என் பாத்திரத்தை யார் தொட்டாலும் எனக்குப் பிடிக்காது, கேன்டீனில் அதற்காகவே இரண்டு பேரிடம் பேச்சு வார்த்தை இல்லை. அன்று மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

தீவின் கரையில் இடுப்பளவு தண்ணீரில் மணல்தரை. அங்கே பாத்திரங்களைப் பரப்பினாள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பாள். மேலே வந்து, "கரண்டி, ஐம்பத்தாறு" என்பாள். பிறகு உள்ளே போய் டேப் வைத்து அளந்து வந்து, "நாப்பத்திரெண்டு" என்பாள். எழுதிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. கரையிலிருந்து எழுதினேன். காற்றில் பாதி காதில் விழவில்லை. "ஒண்ணு கிட்ட வாங்க, இல்லன்னா போங்க!" என்று அதட்டினாள். முதலில் கணுக்கால் வரை போனேன். பிறகு முழங்கால். கடைசியில், என் சமையல் கணக்கு நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு கடலில் நின்றேன். ஏதோ மீன் காலில் உரசியபோது நான் போட்ட சத்தத்தில் படகிலிருந்து படகுக்காரர் எழுந்து நின்று பார்த்தாராம்.

நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண் சொன்னது, வலப்பக்கம் டேப் சொன்னது. அளக்க ஆரம்பித்த இரண்டாம் நாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இங்க பாருங்க. எல்லாம் ஒரே மாதிரித் தப்பு. நாலுன்னு தெரிஞ்சா மூணு. எட்டுன்னு தெரிஞ்சா ஆறு. கண்ணு கெட்டுப் போகல. பொய்யா இருந்தாலும் ஒரே பொய்யைத்தான் சொல்லுது." அந்தச் சந்தோஷத்தில் என் தோளில் ஒரு அடி போட்டாள். நோட்டு தண்ணீரில் விழப் பார்த்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தினம் இருபது முப்பது பொருள். பாத்திரம் தீர்ந்ததும் பவளக் கொத்து, கிளிஞ்சல், என் கால். வாணலியை எடுத்துக்கொண்டு போய்விடுவதால் இரண்டு நாள் எல்லோருக்கும் அவித்த முட்டைதான். பென்சில் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பொரிச்ச மீனுன்னு ஒண்ணு இருந்துச்சே, அது என்னாச்சு?" என்றார். "கடலுக்கே போயிடுச்சு" என்றேன்.

எட்டாம் நாள் என் மனைவி மேடத்திடம் போய், இன்னொரு சோதனை வைக்க முடியுமா என்று கேட்டாள். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கப்பலின் முன்பக்கம் இன்னும் தொடவே இல்லை, நேரம் இல்லை அக்கா என்றார். என் மனைவி "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து பென்சிலின் கையுறையைத் தைத்தாள். அன்று மதியம் அவளுக்குப் பதிலாக நான்தான், "வா, போய் அளக்கலாம்" என்று நோட்டை எடுத்தேன்.

பதினைந்தாம் நாள் வந்தது. மறுநாள் விடியலில் கிளம்பியாக வேண்டும். தென்பக்கம் கடல் லேசாகக் கறுக்க ஆரம்பித்திருந்தது. கப்பலின் முன்பக்கத்தில் பாதிதான் முடிந்திருந்தது. மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவசரத்தில் வெட்சூட்டின் முதுகு ஜிப்பை இழுத்த இழுப்பில் அது இரண்டாகப் பிளந்து கையோடு வந்துவிட்டது. மாற்று உடை முந்தின நாளே தொடையில் கிழிந்து, பசை காயக் கிடந்தது.

"திரும்புங்க மேடம்" என்றாள் என் மனைவி. தடித்த நைலான் நூலைக் கோத்தாள்.

"என்ன பண்றீங்க?"

"உங்களை உள்ள வெச்சுத் தைக்கிறேன். திரும்பி வந்ததும் வெட்டி எடுத்துடறேன். அசையாம நில்லுங்க. உள்ள பனியன் இருக்குல்ல, ஊசி மேல படாது, நான் பாத்துக்கறேன்."

இடுப்பிலிருந்து தைக்க ஆரம்பித்தாள். பாதி முதுகு வந்திருக்கும். பென்சில் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக வலியைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போது காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறதாம், தலையைக் குனிந்தால் சுற்றுகிறதாம். இந்தக் காதோடு தண்ணீருக்குள் போனால் செவிப்பறை கிழிந்துவிடும். தனியாக யாரும் போகக் கூடாது என்பது மேடமே போட்ட விதி.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "முடிஞ்சுது. அடுத்த வருஷம்தான். நிறுத்துங்க அக்கா, இனிமே எதுக்குத் தைக்கிறீங்க?"

என் மனைவி நிறுத்தவில்லை. ஊசி மேலே போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, காது கேக்குதா? நிறுத்துங்கன்னு சொன்னேன்."

"என்னங்க," என்று என்னைக் கூப்பிட்டாள் அவள், "அந்த நோட்டை மேடம் கையில கொடுங்க."

கொடுத்தேன். மேடம் நகர முடியாது, முதுகு அவள் கையில் இருந்தது. வேறு வழியில்லாமல் புரட்டினார். முதல் பக்கத்தில் கேன்டீன் வெங்காயக் கணக்கு. அதைத் தாண்டிப் பதினான்கு பக்கம். கண், டேப். கண், டேப். முந்நூற்றுப் பன்னிரண்டு பொருள். மேடம் ஒரு பக்கத்தில் நின்றார். "இது என்ன, 'வீட்டுக்காரர் கால்'?"

"கணுக்கால்லேர்ந்து முழங்கால் வரைக்கும். அவருதான் அசையாம நின்னாரு. கடல்ல."

பென்சில் வலியை மறந்து சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. "கண்ணைப் பழக்கிட்டேன், இனிமே டேப் வேண்டாம்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல மேடம். டேப்தான். டேப்பைத் தொடாம ஒரு எண்ணும் எழுத மாட்டேன். டேப் எங்கயாவது மாட்டிக்கிட்டுத் தப்பு சொன்னா, அதைக் கண்டுபிடிக்க மட்டும்தான் கண்ணு."

மேடம் நோட்டை மூடினார். தென்பக்கம் கடலைப் பார்த்தார். அவள் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், இருந்தும் மேடம் 'சரி' என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

"படகுக்காரரே, அவசரத்துக்கு நீங்க தயாரா இருங்க. அக்கா, உங்க சிலிண்டரை மாட்டுங்க" என்றார் மேடம்.

என் மனைவி கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டைவர்கள் பாஷையில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தமாம்.

ஐம்பத்தைந்து நிமிஷம். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் பொங்கி வருகிற குமிழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினைந்து நாளில் அன்றுதான் முதன்முதலாக அந்தத் தண்ணீரை முறைக்காமல் பார்த்தேன். எவ்வளவு அழகான தண்ணீர். இத்தனை நாள் அதைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கீழே நடந்ததை அன்றைக்கே இரண்டு பேர் வாயாலும் கேட்டேன். அவள் டேப்பின் ஒரு நுனியைப் பிடிப்பது, மேடம் மறுநுனியைப் பிடித்து எழுதுவது. ஐந்தாவது அளவில் டேப் நாலு மீட்டர் பத்து என்று காட்டியது. மேடம் எழுதப் போனார். இவள் கையை அசைத்துத் தடுத்தாள். கண் சொன்னதில் கால்பங்கைக் கழித்தால் நாலுக்குக் கீழே வருகிறது. மறுபடி பார் என்று சைகை காட்டினாள். டேப்பின் நீளம் முழுக்க இருவரும் நீந்திப் போனால், நடுவில் ஒரு பவளக் கிளையில் அது மாட்டி வளைந்து கிடந்தது. எடுத்துவிட்டு அளந்தார்கள். மூன்று மீட்டர் எண்பத்தைந்து. மேடம் அதை எழுதிவிட்டு, தண்ணீருக்குள்ளேயே இவள் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

வேலை முடிந்த பிறகும் பத்து நிமிஷக் காற்று மிச்சம் இருந்தது. மேடம் 'போய்ப் பாருங்க' என்று கையைக் காட்டினார். என் மனைவி கப்பலின் பக்கவாட்டை ஒட்டியே மெல்ல நீந்தினாள். மரத்தைப் புழு அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் கப்பலின் அடிப்பக்கத்தில் செம்புத் தகடு வைத்து ஆணி அடிப்பார்களாம். தகடு பச்சையாகிப் போயிருந்தாலும் ஆணித் தலைகள் வரிசை மாறாமல் இருந்தன.

இரண்டு பேரும் மேலே வந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றியதும் என் மனைவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் கையைக் கொடுத்துத் தூக்கினேன். சிலிண்டர் பாரத்தோடு என்மேலேயே சாய்ந்தாள். என் சட்டையெல்லாம் உப்புத் தண்ணி.

"தையல்ங்க! கப்பல் முழுக்கத் தையல்! ஆணி ஆணியா, ஓட்டுத் தையல் போட்ட மாதிரி, இம்மி பிசகாம. யாரு கையோ, தங்கமான கை. ஆனா மேடம், முன்னாடி அந்த வளைவுல மட்டும் வேற கை."

மேடம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். அசைவதை நிறுத்தினார். "வேற கைன்னா?"

"ஆணி நெருக்கமா இருக்கு. வரிசை சாயுது. அவசரமா ஒட்டுப் போட்டிருக்காங்க. கடையில உக்காந்து தைச்சது இல்ல அது, நடுவழியில நின்னு தைச்சது. டேப் வெச்சும் பாத்துட்டேன், எழுதியிருக்கேன்." தன் பலகையை நீட்டினாள். முதலில் அடித்த தகடுகளில் ஆணிக்கு ஆணி ஆறு சென்டிமீட்டர், ஒட்டில் மூன்று, மூன்றரை, இரண்டு.

மேடம் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எந்தக் கப்பல் இது என்று அவருக்கு இரண்டு பெயர்களில் சந்தேகம். அதில் ஒன்று, பாறையில் இடித்து, நடுக்கடல் தீவு ஒன்றில் நின்று முன்பக்கத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பியது என்று ஒரு பழைய கடிதத்தில் இருக்கிறதாம். "நாலு நாள் அது பக்கத்துலயே நீந்தினேன், எனக்குத் தெரியல. உறுதியா இப்பவே சொல்ல மாட்டேன். ஆனா... அக்கா!" என்று சொல்லிக் குதித்தார். அந்தக் குதிப்பில் பாதி சந்தோஷம். மீதி வேறு.

"அக்கா, முதல்ல இதை வெட்டி விடுங்க. ஒரு மணி நேரமா அடக்கிக்கிட்டு இருக்கேன்."

என் மனைவி கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்தவள் வெட்டாமல் நின்றாள். "மேடம், அடுத்த வருஷத்தைப் பத்திக் கொஞ்சம் பேசிடலாமா?"

"ஐயோ அக்கா, அவசரம்!"

"எனக்கும் அவசரம்தான். மேல உக்காந்து தைக்கிற வேலைக்கு நான் வர மாட்டேன். கீழ வரதுக்குக் கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

பென்சில் காதைப் பிடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். "அக்கா, நீங்க கேக்கலன்னாலும் நான் கேட்டிருப்பேன். உங்க கண்ணு இல்லாம இந்தக் கப்பலுக்கு நான் இனிமே வர மாட்டேன். வந்தாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது. போதுமா?"

"போதும் மேடம்" என்றாள். கத்தரிக்கோலைத் தையலுக்குக் கொண்டுபோனாள். முப்பது வருஷம் எந்தத் துணியிலும் நடுங்காத கை, கிடுகிடுவென்று ஆடியது. ரப்பரில் பட்டுவிடும் என்று பயந்து, கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வெட்டுங்க. என்னால முடியல."

நான் வாங்கிக்கொண்டேன். மீன் வெட்டிப் பழகிய கைதான். மேடத்தின் முதுகில் அவள் போட்டிருந்த தையலை ஒவ்வொன்றாக வெட்டினேன். அறுபத்து மூன்று தையல். என் மனைவி பக்கத்தில் நின்று ஈரத் தலையை என் தோளில் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.